பழைய கம்ப்யூட்டரும் பிள்ளையார் எறும்பும்

எதையும் மூன்று தடவை சரிபார்க்கிற ஆட்களிடம் ஒரு விசேஷக் குணம் உண்டு. சரிபார்த்தே ஆக வேண்டிய ஒன்றை மட்டும் கச்சிதமாக விட்டுவிடுவார்கள்.

நான் அந்த ரகம். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெரு முக்கு வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு கேஸை அணைத்தோமா என்று சந்தேகம் வந்து அத்தைக்குப் போன் செய்வேன். மகள் மீனு கைக்குழந்தையாக இருந்தபோது, தூங்குகிறவளுக்கு மூச்சு வருகிறதா என்று மூக்கின் கீழ் விரலை வைத்துப் பார்ப்பேன். அதிலேயே அவள் விழித்துக்கொள்வாள். (அதன்பிறகு மூச்சைப் பற்றிச் சந்தேகமே வராது. அவ்வளவு சத்தமாக அழுவதற்கு நிறைய மூச்சு வேண்டும்.)

அப்படிப்பட்ட நான்தான், நானே பதிவு செய்த ஒரு பாட்டைக் கடைசி வரை கேட்டுப் பார்க்காமல் பென்டிரைவில் போட்டு, ஆழ்வார்குறிச்சியில் ஒரு மண்டபம் நிறைய உறவுக்காரர்கள் இருக்கும்போது ஓடவிட்டேன்.

விஷயம் கோமுவிடம் ஆரம்பிக்கிறது. கோமு என்கிற கோமதி என் கணவரின் தங்கை. எங்கள் வீடு பாளையங்கோட்டையில். அவளைக் கட்டிக் கொடுத்தது ஆழ்வார்குறிச்சியில். அவள் உண்டானபோது மீனுவுக்கு ஆறேழு மாதம் இருக்கும். அதனால் குடும்பத்தில் பிரசவத்தைப் பற்றிய ஆகப் புதிய தகவல் என்னிடம்தான் இருந்தது. மத்தியானம் எல்லோரும் கண்ணயரும் நேரம் பார்த்து அவளிடமிருந்து போன் வரும்.

“மைனி, நெசமாவே ரொம்ப வலிக்குமா?”

“சே, அதெல்லாம் இல்ல. எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும். அம்புட்டுத்தான்.”

“என்ன எறும்பு?”

(கோமு அப்படித்தான். விவரம் கேட்பாள்.)

“பிள்ளையார் எறும்பு.”

“அது கடிக்கவே செய்யாதுலா மைனி.”

“அதத்தான் சொல்லுதேன்.”

அவள் சிரித்துவிட்டு வைப்பாள். மறுநாள் மறுபடியும் அதே கேள்வி. நானும் அதே எறும்பு. அவளுக்குப் பயம் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். பயந்தவளிடம் பயத்தைக் கூட்டக் கூடாது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் என் அத்தை, அதாவது என் மாமியார். “எங்க உமா பிரசவத்துல ஒரு சத்தம் போடலை, கேட்டேளா? ஒரு சத்தம்” என்று கோயிலில், ரேஷன் கடையில், பஸ் ஸ்டாண்டில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார்கள். பிரசவ அறைக் கதவு நல்ல தடித்த தேக்கு. அத்தை உட்கார்ந்திருந்த பெஞ்ச் வராண்டாவின் அந்தக் கடைசியில். ஆனால் சும்மா கிடைத்த நல்ல பெயரை யார் திருப்பிக் கொடுப்பார்கள்? நான் கொடுக்கவில்லை.

கோமுவின் வளைகாப்பு நாள் குறித்தார்கள். வயிற்றுப் பிள்ளை வளையல் சத்தத்தைக் கேட்கும், அன்றைக்கு அவள் காதில் நல்ல சொல் மட்டும்தான் விழ வேண்டும் என்று அத்தை சொல்லிக்கொண்டே இருந்தார்கள். எனக்கு உடனே ஒரு யோசனை தோன்றியது. (என் வாழ்க்கையில் உடனே தோன்றிய யோசனைகளை மட்டும் தனியாக எடுத்து ஆற்றில் விட்டிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன்.) பள்ளிக்கூடத்தில் காலை வழிபாட்டில் பாடியவள் நான். நானே ஒரு பாட்டு எழுதி, நானே பாடி, தாளத்துக்கு வளையல் சத்தத்தையே வைத்துப் பதிவு செய்து மண்டபத்தில் போடலாம் என்று முடிவு செய்தேன். பாட்டும் தயாரானது:

ஆத்துத் தண்ணி தெளிஞ்சிருக்கு
அம்மை மடி காத்திருக்கு
வளையல் சத்தம் வழிகாட்ட
வந்து சேரு தங்கமே.

போனில் பதிவு செய்து பார்த்தேன். பாட்டை விட மின்விசிறி நன்றாகப் பாடியிருந்தது. அப்போதுதான் பரணில் கிடந்த பழைய கம்ப்யூட்டர் நினைவுக்கு வந்தது. என் கணவர் கல்லூரியில் படித்த காலத்தில் வாங்கியது. பழைய இரும்புக்காரர் தெருவில் கத்திக்கொண்டு போகும்போதெல்லாம் அத்தை அதைத்தான் நிமிர்ந்து பார்ப்பார்கள். கணவர்தான் விடவில்லை.

இறக்கி, போர்த்தியிருந்த பழைய போர்வையை எடுத்து, பக்கத்து மூடியைக் கழற்றினேன். உள்ளே ஒரு ஓரத்தில் பல்லி முட்டைகள்.

“இந்தச் சவத்த எதுக்கு எறக்குன?” என்றார்கள் அத்தை.

“பாட்டு போடப்போறேன் அத்தை. கோமு வளைகாப்புக்கு.”

“இதுலயா? இதுல பல்லிதான் முட்ட போட்டிருக்கு.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “முட்டைய ஒடச்சிராத. நம்ம கோமு மாசமா இருக்கா. பையப் பைய எடு” என்றார்கள். பல்லி முட்டைகள் தேங்காய்ச் சிரட்டைக்கு மாறின.

பெட்டியைப் போட்டால் பழைய விண்டோஸ் வந்தது. வந்தது என்பதை விட, புறப்பட்டது என்று சொல்லலாம். அது வந்து சேர்வதற்குள் நான் மாவை ஆட்டி வழித்துவிட்டேன். அதில் எந்த மென்பொருளும் ஓடாது என்று தெரிந்தது. நான் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ். குழந்தை பிறக்கும் வரை ஒரு தனியார் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். ஆனாலும் கல்லூரியில் படித்த லினக்ஸ் எல்லாம் மார்க் வாங்கிய அன்றே மறந்துபோயிருந்தது. இணையத்தில் தேடினால், பழைய பெட்டியில் விண்டோஸுக்குப் பதிலாகப் போட என்றே எடை குறைந்த லினக்ஸ் இருக்கிறது, இசைப் பதிவுக்கான மென்பொருள்களும் அதோடு இலவசம், யாரும் இறக்கிக்கொள்ளலாம், யாரும் திருத்திக்கொள்ளலாம் என்று முகம் தெரியாத நல்லவர்கள் பலர் எழுதிவைத்திருந்தார்கள். முகம் தெரியாதவர்களை நம்பினேன். அவர்கள் ஒரு தப்பும் செய்யவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பென்டிரைவில் ஏற்றி நிறுவ ஆரம்பித்தபோது, வட்டில் உள்ளதையெல்லாம் அழிக்கவா என்று கேட்டது. என் கணவர் நாங்குநேரியில் கணக்கு வாத்தியார். வகுப்பில் இருப்பார் என்று தெரிந்தும் போன் செய்தேன்.

“உள்ள இருக்கதெல்லாம் அழிக்கவான்னு கேக்கு. அழிக்கவா?”

“உள்ள என்ன கெடக்கு?”

“ஒங்க காலேஜ் டூர் போட்டோ.”

பின்னால் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும் சத்தம் மட்டும் கேட்டது.

“பாத்தியா?”

“பாக்கல.”

“அழிச்சிரு.”

(அழிப்பதற்கு முன் பார்த்துவிட்டேன் என்பதை இன்றுவரை நான் சொல்லவில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.)

லினக்ஸ் ஏறியது. பெட்டிக்குப் புது உயிர் வந்தது போல் சட்டென்று திறந்தது. எனக்கே என்னைப் பிடித்துப்போனது. அடுத்த நாளிலிருந்து தொல்லைகள் ஆரம்பமாயின. பாடினால் நடுநடுவே கடுகு தாளிப்பது போல் பட் பட் என்று வெடித்தது. பழைய பெட்டியால் சத்தத்தை வேகமாக விழுங்க முடியவில்லை, கொஞ்சம் நிதானமாக விழுங்கவிடு என்று நல்லவர்கள் எழுதியிருந்தார்கள். அப்படியே அமைப்பை மாற்றினேன். வெடிப்பு நின்றது. ஆனால் நான் பாடுவது என் காதுக்குக் கொஞ்சம் தாமதமாக வந்தது. நான் ‘தங்கமே’ என்னும்போது காதில் ‘வந்து சேரு’ ஓடும். என் பின்னாலேயே நான் வருவது போல் இருந்தது. கடைசியில் காதில் எதுவும் கேட்காமலே பாடுவது என்று முடிவானது.

அடுத்து, பெட்டிக்குள் இருக்கும் காற்றாடி. அரைவை மில் தோற்கும். பெட்டியைக் கட்டிலுக்கு அந்தப் பக்கம் தள்ளி, நீள வயர் போட்டு, மைக்கை மட்டும் இந்தப் பக்கம் கொண்டுவந்தேன். மைக் என்பது என் கணவர் ஆன்லைன் வகுப்புக்கு வாங்கிய ஹெட்போனில் இருக்கும் குச்சி. அந்த ஹெட்போனில் ஒரு காது செத்துவிட்டது. அறையில் எதிரொலிக்கிறது என்பதற்கும் ஒரு வழி எழுதியிருந்தார்கள்: துணிகள் சத்தத்தை உறிஞ்சும். ஆகவே பீரோவைத் திறந்துவைத்து, தொங்கும் பட்டுச் சேலைகளுக்கு நடுவில் தலையைக் கொடுத்துப் பாடினேன்.

அத்தை யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. “உமாவா? பீரோக்குள்ள தலைய விட்டுப் பாடுதா. இல்ல, நல்லாத்தான் இருக்கா. படிச்ச புள்ளலா, அப்படித்தான் இருக்கும்.”

பாட்டு ஒரு வழியாகத் தேறியது. வளையல் தாளம்தான் வரவில்லை. கண்ணாடி வளையல்களை அடுக்கிக்கொண்டு, கணக்குப் பார்த்துக் கையை ஆட்டினால் ஒரு தட்டு முந்தும், ஒரு தட்டு பிந்தும். ஒருநாள் மத்தியானம் பதிவை ஓடவிட்டுக் கையை ஆட்டிக்கொண்டிருந்தபோது மீனு சிணுங்க ஆரம்பித்தாள். மடியில் போட்டுத் தட்டிக்கொடுத்தேன். அந்த நேரம் பார்த்து ஷமீமாவின் போன். ஷமீமா என் கல்லூரித் தோழி, மேலப்பாளையத்துக்காரி. திரும்பிப் பார்த்தால் கம்ப்யூட்டர் திரை கறுத்திருந்தது. முந்தின நாளும் அப்படித்தான் பெட்டி அப்படியே நின்றுபோயிருந்தது. சரி, சவம் செத்துப்போச்சு, பிறகு பார்ப்போம் என்று பேச ஆரம்பித்தேன்.

அது சாகவில்லை. கொஞ்ச நேரம் தொடாமல் இருந்தால் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கத் திரை மட்டும் அணையும். உள்ளே பதிவு நடந்துகொண்டுதான் இருக்கும். இதைத்தான் நான் எட்டாம் வகுப்புக்குப் பாடமாக நடத்தினேன்.

பேசி முடித்து மவுஸை அசைத்ததும் திரை வந்தது. பதிவு ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தி, முதலிலிருந்து கேட்டேன். ஆச்சரியமாக இருந்தது. ஷமீமா பேசுகிறவள். ஆரம்பித்தால் நமக்கு முறை வர வெகுநேரம் ஆகும். அதுவரை நான் வாயைத் திறக்கவில்லை. மீனுவைத் தட்டிக்கொடுத்த கையில் இருந்த வளையல்கள் மட்டும் ஒரே சீராகக் கிலுங், கிலுங் என்று ஒலித்திருந்தன. எவ்வளவு முயன்றும் வராத தாளம், பிள்ளையைத் தூங்கவைக்கும்போது தானாக வந்திருந்தது. அதை அப்படியே எடுத்துப் பாட்டுக்கு அடியில் வைத்தேன். அந்த மென்பொருளில் ஒவ்வொரு சத்தமும் திரையில் ஒரு பட்டையாகத் தெரியும். மேலே பாட்டுப் பட்டை, கீழே வளையல் பட்டை. வளையல் பட்டை நீளம். பாட்டு முடிந்த பிறகும் அது திரைக்கு வெளியே வலதுபக்கம் போய்க்கொண்டே இருந்தது. அதை வெட்ட வேண்டும் என்று நினைத்த நிமிடத்தில் மீனு விழித்துக்கொண்டாள். என் திரை சின்னது. கண்ணில் படாதது மனதிலிருந்தும் போய்விட்டது.

பிறகு செய்ததுதான் கொடுமை. மெல்லிய சத்தங்களையும் தூக்கி, எல்லாவற்றையும் ஒரே அளவாக்கும் ஒரு கருவி அதில் இருந்தது. என் குரல் மெல்லியது என்பதால் அதைத் தாராளமாகப் போட்டேன். ஒரே கோப்பாக மாற்றச் சொன்னபோது பெட்டி வெகுநேரம் எடுத்துக்கொண்டது. இத்தனை சின்னப் பாட்டுக்கு ஏன் இவ்வளவு நேரம் என்று ஒரு கணம் நினைத்தேன். பழைய பெட்டி, பாவம் என்று விட்டுவிட்டேன்.

சரிபார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் ‘தங்கமே’ என்று முடிந்ததும் திருப்தியாக ஹெட்போனைக் கழற்றினேன்.

வளைகாப்பு அன்று கோமு அரக்குப் பட்டில் உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் சந்தனம். முகத்தில் லேசான பயமும் பெருமையும். மைக்செட் அண்ணாச்சியிடம் பென்டிரைவைக் கொடுத்தேன். “நான் பாத்துக்கிடுதேன் தாயி” என்றார். பாட்டு ஆரம்பித்தது. பெண்கள் வரிசையாக வந்து கோமுவின் கையில் வளையல் ஏற்றினார்கள். அத்தை தன் சம்பந்தியம்மாவிடம், “எங்க உமாதான் பாடுதா. கம்ப்யூட்டர்ல அவளே போட்டது” என்று சொன்னது எனக்குக் கேட்டது. கோமு கண் கலங்கி என்னைப் பார்த்தாள். அந்த ஒரு பார்வைக்காக எத்தனை பீரோவுக்குள் வேண்டுமானாலும் தலையை விடலாம் என்று தோன்றியது.

பாட்டு முடிந்தது. இனி நமக்கு வேலையில்லை என்று மைக்செட் அண்ணாச்சி சாப்பிடப் போய்விட்டார். வளையல் சத்தம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. “பாட்டு முடிஞ்சும் வளையல் சத்தம் வருதே, நல்லாருக்கு” என்று ஒரு அம்மாள் பாராட்டினார்கள். அடுத்தது மண்டபம் முழுக்க ஒரு செருமல். என் செருமல்.

“பின்ன என்னட்டி சொல்ல முடியும் அவகிட்ட? எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்னு சொல்லி வச்சிருக்கேன். எறும்பாம் எறும்பு. எனக்கு லாரி ஏறி எறங்குன மாதிரி இருந்துச்சு.”

சிலர் சிரித்தார்கள். ஏதோ நாடகம் என்று நினைத்திருப்பார்கள். நான் சந்தனக் கிண்ணத்தோடு நின்ற இடத்தில் நின்றேன்.

“பல்லியப் பாத்தாலே கட்டில் மேல ஏறி நிக்கவ. இவ எப்படித் தாங்கப் போறாளோ.”

என் கணவர் சுவிட்ச் பலகையை நோக்கி ஓடினார். கையில் அகப்பட்டதையெல்லாம் அணைத்தார். விளக்குகள் அணைந்தன. மின்விசிறிகள் நின்றன. ஸ்பீக்கர் நிற்கவில்லை, அது அண்ணாச்சியின் சொந்த பாட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. விசிறிச் சத்தமும் போனதில் என் குரல் முன்னை விடத் தெளிவாகக் கேட்டது. மெல்லிய சத்தங்களைத் தூக்கிவிட்டிருந்தேன் அல்லவா.

“ஆமாட்டி, நர்ஸம்மா கையக் கடிச்சேன். பல்லுப் பதிஞ்சிட்டு. எங்க அத்தை, நான் சத்தமே போடலைன்னு ஊரெல்லாம் சொல்லுதாவ. வாய்க்குள்ள நர்ஸம்மா கை இருந்தா சத்தம் எங்கன கூடி வரும்?”

இந்த இடத்தில் யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் அத்தையைப் பார்த்தார்கள். அத்தை தரையைப் பார்த்தார்கள்.

அதோடு நின்றிருந்தால் கூட இதை ஒரு வேடிக்கையாக எழுதிவிட்டுப் போயிருப்பேன். ஷமீமா அந்தப் பக்கம் ஏதோ கேட்டிருக்கிறாள். கொஞ்ச நேரம் வளையல் சத்தம். பிறகு நான், தாழ்ந்த குரலில்:

“வலி கூடப் பரவால்ல. வீட்டுக்கு வந்தப்புறம்தான். புள்ளையக் கையில குடுத்தா எனக்கு ஒண்ணுமே தோணல. யாரு புள்ளையவோ வச்சிருக்க மாதிரி இருந்துச்சு. பாத்ரூம்ல தண்ணியத் தொறந்துவிட்டுட்டு அழுவேன். யாருக்கும் தெரியாது. மோட்டாரு எதுக்கு இம்புட்டு நேரம் ஓடுதுன்னு அத்தை கேப்பாவ.”

மைக்செட் அண்ணாச்சி சாம்பார் கையோடு ஓடிவந்து முழங்கையால் தட்டி நிறுத்தினார். “என்ன தாயி இது” என்றார் என்னிடம், மெதுவாக. கோபத்தில் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

கோமுவின் மாமியார்தான் “சாப்பாடு ஆறுது, எல்லாரும் வாங்க” என்று கூட்டத்தைக் கலைத்தார்கள். நான் கோமுவிடம் போனேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அது என்ன எறும்பு மைனி?” என்று மட்டும் கேட்டாள்.

வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைத் தாய்வீட்டுக்குக் கூட்டி வருவது வழக்கம். அதாவது எங்கள் வீட்டுக்கு. காரில் அவள் பக்கத்தில் நான் உட்கார வேண்டும் என்று அவளே முன்பு ஆசைப்பட்டுச் சொல்லியிருந்தாள். யாரும் மாற்றவில்லை. அம்பாசமுத்திரம் தாண்டி, சேரன்மகாதேவி தாண்டி, கார் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் அவளுடைய இரண்டு கை வளையல்களும் சேர்ந்து குலுங்கின. அந்தச் சத்தத்தைக் கேட்டு என்னைப் போல் கூசியவர்கள் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

அதன்பிறகு பிரசவம் வரை அவள் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நாளெல்லாம் கேட்டவள். சாப்பாடு எடுத்துவைத்தால் சாப்பிட்டாள். மீனுவைக் கொஞ்சினாள். நான் அறைக்குள் வந்தால் போனைக் கவிழ்த்து வைத்தாள். எட்டிப் பார்த்தபோது தெரிந்தது: பிரசவ வலியைப் பற்றித் தேடிப் படித்துக்கொண்டிருந்தாள். என்னிடம் கேட்க வேண்டியதை முகம் தெரியாதவர்களிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். மாதப் பரிசோதனையில் ரத்த அழுத்தம் கூடியிருப்பதாகச் சொன்ன டாக்டரம்மா, “வீட்டில் யாராவது பயமுறுத்தினீர்களா?” என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்க்காமல் இருக்க முயன்றார்கள். அதற்குப் பதில் பார்த்தே இருக்கலாம்.

நான் அவள் அறை வாசல் வரை போவேன். மன்னிப்புக் கேட்கலாமா, கேட்டால் மறுபடி நினைவூட்டுவதாகிவிடுமா, உண்மையை உள்ளபடி சொன்னால் அழுத்தம் இன்னும் ஏறுமா என்று யோசித்துவிட்டுத் திரும்பிவிடுவேன். எத்தனையோ மத்தியானங்கள் அப்படிப் போயின. பாட்டை விட, ஸ்பீக்கரை விட, அந்த வாசலில் திரும்பிய நேரங்களை நினைத்தால்தான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

அத்தையும் அதைப் பற்றி எதுவும் பேசவில்லை. ஆனால் நான் குளிக்கப்போய்க் கொஞ்ச நேரம் கூடினால் கதவு தட்டப்படும்.

“உமா, உள்ள என்ன செய்யுத?”

“குளிக்கேன் அத்தை.”

“நெசமா?”

ஒருநாள் குளித்துவிட்டு வெளியே வந்தபோது வாசலிலேயே நின்றிருந்தார்கள். “எங்கிட்டச் சொல்லிருக்கலாம்லா” என்றார்கள். நீங்கள்தான் என்னைத் தைரியசாலி ஆக்கிவிட்டீர்களே என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. துண்டை வாங்கி என் தலையைத் துவட்டிவிட்டுப் போனார்கள்.

கோமுவுக்கு வலி எடுத்தது ஒரு மத்தியானச் சாப்பாட்டின்போது. ஆஸ்பத்திரியில் உள்ளே ஒரு பெண் துணை மட்டும் வரலாம் என்றார்கள். அத்தை முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு புறப்பட்டார்கள்.

“அம்மா வேண்டாம்” என்றாள் கோமு. “மைனி வரட்டும்.”

உள்ளே போனதும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மான்னா ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னே சொல்லிட்டு இருப்பாவ. ஒங்களால இனிமே பொய் சொல்ல முடியாதுலா. அதான் கூப்புட்டேன்.”

“கோமு, நான் அன்னிக்கு...”

“அதப் பெறவு பாக்கலாம். இப்பச் சொல்லுங்க. இது எந்த எறும்பு?”

அவள் முகத்தைப் பார்த்தேன். வலி விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது.

“இது இன்னும் பிள்ளையார் எறும்புதான்” என்றேன். “கட்டெறும்பு பின்னால வருது.”

சிரித்தாள். சிரிப்பின் நடுவிலேயே அடுத்த வலி வந்தது. அதன்பிறகு அவள் கேட்டதற்கெல்லாம் உள்ளதைச் சொன்னேன். இன்னும் கூடுமா என்றால் கூடும் என்றேன். எவ்வளவு நேரம் என்றால் தெரியாது என்றேன். எனக்குப் பயமா இருக்கு என்றபோது எனக்கும்தான் என்றேன். கடைசியில் லாரி வந்தது. நர்ஸம்மா சாமர்த்தியமாகத் தள்ளி நின்றுகொண்டார்கள். பக்கத்தில் இருந்தது என் கைதான். மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே, மேல்வரிசைப் பல் முழுதும் பதிந்தது.

வெளியே அத்தையிடம் பேத்தியைக் காட்டியபோது, முதலில் பேத்தியைப் பார்த்தார்கள். பிறகு என் கையைப் பார்த்தார்கள். “சத்தம் போட்டாளா?” என்று கேட்டார்கள்.

“எங்கன அத்தை போட முடியும்?” என்று கையைக் காட்டினேன்.

பிள்ளை பிறந்து சில வாரம் கழித்து கோமு என்னிடம் வந்து, “மைனி, அந்தப் பாட்ட எனக்கு அனுப்புங்க” என்றாள். இப்போது சரியான இடத்தில் வெட்டி வைத்திருக்கிறேன் என்றேன். “வெட்டுனது வேண்டாம். முழுசா இருக்கது” என்றாள். பழைய பதிவைப் பெட்டியில் அழிக்காமல் வைத்திருந்தேன். அனுப்பினேன். அன்றைக்கு மத்தியானம் அவள் அறைக்குள்ளிருந்து வளையல் சத்தம் கேட்டது. பிறகு என் குரல், பாத்ரூமைப் பற்றி. இந்தத் தடவை வாசலில் நின்று யோசிக்கவில்லை. உள்ளே போய், யாருடைய பிள்ளையையோ போல அவள் மடியில் அழுதுகொண்டிருந்த குழந்தையை வாங்கிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பாட்டு நன்றாக இருந்ததா என்று இன்றுவரை ஒருவரும் சொன்னதில்லை. அப்படி ஒரு பாட்டு அதில் இருந்தது என்பதே யாருக்கும் நினைவில்லை. என் கை மட்டும் குடும்பத்தில் பிரபலம். தழும்பைப் பார்த்து யாராவது என்ன என்று கேட்டால், நான் வாயைத் திறப்பதற்குள் கோமு சொல்லிவிடுவாள்: “அதுவா? எறும்பு கடிச்சிட்டு.” வீட்டில் யாராவது ரகசியம் பேச வாயெடுத்தால் என் கணவர் எழுந்து போய்ப் பெட்டியின் வயரைப் பிடுங்கிவிட்டு வந்து, “இப்பச் சொல்லு” என்பார்.

எங்கள் சொந்தத்தில் இப்போது யார் உண்டானாலும் என்னிடம்தான் அனுப்புகிறார்கள். போன வாரம் ஒரு பெண் வந்தாள். சுற்றிவளைத்துப் பேசிவிட்டுக் கடைசியில் கேட்டாள், ரொம்ப வலிக்குமா அக்கா என்று. நான் எழுந்து போய்ப் பெட்டி அணைந்திருக்கிறதா என்று பார்த்தேன். (மூன்று தடவை.) பிறகு வந்து உட்கார்ந்து, வளையல்களை மேலே தள்ளி, கையை அவளிடம் நீட்டினேன்.